வேலை போகுமுன் விலை கேட்பது எப்படி?

பெரிய கம்பெனி ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போடி பக்கத்துச் சிலமலையில் வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு மட்டும் இந்தக் குறிப்புகள். மற்றவர்கள் தோட்டத்து வேலையைப் பார்க்கலாம்.

முதலில் ஒழுங்காகப் பயப்படக் கற்றுக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் டிசிஎஸ் ஒரு விதி போட்டது: வருஷத்தில் 225 நாளாவது வாடிக்கையாளருக்குப் பில் போடும் வேலையில் இருக்க வேண்டும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் உட்காரக் கூடாது. அடுத்த மாதமே 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுமட்ட, மேல்மட்டப் பதவிகள். செப்டம்பர் காலாண்டுக் கணக்கு வந்தபோது ஆள்பலம் 19,755 குறைந்திருந்தது. தாங்களாகப் போனவர்களும் அதில் அடக்கம். உங்கள் கம்பெனி வேறு என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். ரெண்டு வருஷமாக முகம் காட்டாத மேனேஜர் திடீரென்று "சாப்ட்டாச்சா?" என்று கேட்டால், அன்றிரவே ரெஸ்யூமைத் தூசி தட்டுங்கள்.

விலை கேட்கும் வித்தையை வெளியூரில் போய்க் கற்க வேண்டியதில்லை. போடி ஏலக்காய் ஏலம் நடந்து முடிந்ததும் ஸ்பைசஸ் போர்டு ஒரு கணக்குக் கொடுக்கும்: வந்த சரக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன. விவசாயி நாலையும் பார்ப்பார். நீங்களோ லிங்க்ட்இனில் எவனோ ஒருத்தன் வாங்கிய அதிகபட்ச விலையை மட்டும் பார்த்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறீர்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டப் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே. அந்த விலை வந்ததே, முந்தின வருஷ வெள்ளத்திலும் பிறகு மழையில்லாமலும் செடி போய், பலர் கையில் காய் இல்லாததால்தான். ஏஐ தெரிந்தவனுக்கு இத்தனை லட்சமாம் என்று கேள்விப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இல்லாத சரக்குக்குத்தான் எப்போதும் நல்ல விலை.

ரெஸ்யூமுக்கு வருவோம். ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றிப் பச்சையாக்குகிறவர்கள் உண்டு. பரிசோதனையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அஞ்சு வருஷ அனுபவத்தை எட்டு என்று எழுதினால் காட்டிக்கொடுக்க பிஎஃப் கணக்கு ஒன்றே போதும். எந்த மாசம் எங்கே இருந்தீர்கள் என்பதை உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

ரகசியம் காப்பது தனிக் கலை. படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டு வேலை தேடுவதை ஊருக்கு அறிவிக்காமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்க லிங்க்ட்இனில் வழி இருக்கிறது. உங்கள் கம்பெனி ஆட்கள் கண்ணில் படாது என்று அவர்களே முழு உத்தரவாதம் தருவதில்லை. சிலமலையிலோ எந்த உத்தரவாதமும் கிடையாது. இண்டர்வியூ நடுவில் அம்மா வந்து, "யாருப்பா போன்ல, புதுக் கம்பெனியா?" என்பார். சாயங்காலம் டீக்கடையில் பெரியப்பா, "மாப்ள, சம்பளம் கூடக் குடுக்குறானா?" என்று விசாரிப்பார். கொடிகட்டி மைக்செட் போடும் திருவிழா நாட்களில் இண்டர்வியூவுக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

நேரில் வரச் சொன்னால் சிக்கல். 2010 கடைசியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள். இண்டர்வியூவை மிச்ச நாலு நாளில் ஒன்றில் வைப்பார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, கசங்கிய சட்டையோடு உட்கார்ந்தால், "எப்ப சேர முடியும்?" என்று கேட்பார்கள். உங்கள் நோட்டீஸ் பீரியடு 90 நாள். அவர்களுக்கு நாளைக்கே ஆள் வேண்டும். அவர்களிடம் வேலை பார்ப்பவர் போவதானாலும் 90 நாள்தான் என்பதை அப்போது ஞாபகப்படுத்தாதீர்கள்.

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, இடுக்கித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிற பெண்களிடம் இந்தக் குறிப்புகளைப் படித்துக் காட்ட வேண்டாம். அவர்கள் தினமும் காலையில் வேலைச் சந்தையைச் சோதித்துப் பார்ப்பவர்கள். சிரித்துவிடுவார்கள்.

எப்படியும் ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதைய இடத்திலேயே ஓட்டுவது உத்தமம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போது கேட்கிற விலை வேறு, இஎம்ஐ தேதி நெருங்கும்போது கிடைக்கிற விலை வேறு. ஸ்டோரில் சரக்கை வைத்திருப்பவரும், கடன்காரன் வாசலில் நிற்பவரும் ஒரே ஏலத்தில்தான் உட்காருகிறார்கள்.

கடைசியாக, விளையாட்டில்லாத ஒரு குறிப்பு. ஒருநாள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் மரியாதையாக இருக்கும்" என்பார்கள். ஒரு வருஷம் முடித்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. கார்டில் மேனேஜர் என்று அடித்துக் கொடுத்ததாலேயே நீங்கள் தொழிலாளி இல்லை என்றாகிவிடாது. உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதனால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுங்கள், அவர்கள் நீட்டும் ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் அன்றைக்கே போடாதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு அந்த 15 நாள் கணக்குக் கிடையாது.