குளிரும் ஏரியில் கரையா, மடுவா? பாஸ் மீன்வேட்டை குறித்த ஓர் ஆய்வேட்டின் சுருக்கம்

1. ஆய்வுச் சிக்கல்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஓசார்க் மலைகளுக்கு நடுவே டேபிள் ராக் என்றோர் ஏரி இருக்கிறது. ஒயிட் ஆற்றை மறித்து 1958-இல் கட்டிமுடித்த அணையால் உண்டானது. பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் என மூன்று வகை பாஸ் மீன்கள் அதில் வாழ்கின்றன. அவற்றைப் பிடிக்க வரும் மனிதர்களிலோ இரண்டே வகைதான்: கரைவாதிகள், மடுவாதிகள்.

கோடை முழுக்க இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்கிறார்கள். செப்டம்பர் கழிந்து தண்ணீர் குளிரத் தொடங்கியதும் வழக்கு மூள்கிறது. மீன் இனிக் கரையோரம் வருமா, ஆழத்துக்கு இறங்குமா? ஒரே படகின் முன்முனையில் நிற்பவர் கரையைப் பார்த்து வீச, பின்முனையில் நிற்பவர் கரைக்கு முதுகைக் காட்டி நேர்கீழே நரம்பை இறக்கும் காட்சி அந்த மாதங்களுக்கே உரியது. இருவரும் நண்பர்கள் என்பது பெட்ரோல் செலவைப் பிரித்துக்கொள்வதிலிருந்து மட்டுமே தெரியவருகிறது.

இக்கட்டுரை அந்த வழக்கை முறைப்படி விசாரிக்கிறது. கோடையில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் மேல்நீர், குளிர்காலத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் இடைக்காலமே ஆய்வின் எல்லை. ‘மீன் கிடைத்ததா?’ என்ற கேள்வி இந்த எல்லைக்குள் வராது. அதை அனுமதித்தால் இத்துறையில் எந்த ஆய்வையும் நிறைவு செய்ய இயலாது.

கருதுகோள் வருமாறு: கரையா மடுவா என்பதைத் தீர்மானிப்பது மீனின் இருப்பிடம் அன்று, தூண்டில்காரரின் சுபாவம்.

2. வரையறைகள்

கரை: பத்தடிக்கு உட்பட்ட நீர். அடித்தரை கண்ணுக்குத் தெரியும், அல்லது தெரிவதாகத் தூண்டில்காரர் சாதிப்பார்.

மடு: இருபதடிக்கு மேற்பட்ட நீர். அடித்தரை ஆழங்காட்டும் கருவியின் திரையில் தெரியும்.

பத்தடிக்கும் இருபதடிக்கும் இடைப்பட்ட நீருக்கு உரிமை கோர ஆள் இல்லை, மீனைத் தவிர.

இந்த அளவுகள் எல்லா ஏரிக்கும் பொருந்தா. ஃபுளோரிடாவின் ஓக்கிசோபி ஏரி பரப்பில் கடல்போல் விரிந்தாலும் அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒன்பதடிதான். அங்கே மடுவாதி பிறந்து வளர வழியே இல்லை. டேபிள் ராக்கிலோ அணைக்கு அருகே இருநூறு அடியைத் தாண்டும்; தண்ணீரும் தெளிவானது. ஆக, ஓர் ஏரியின் மடு மற்றோர் ஏரியின் கரை. இதனால் இரு தரப்பாருமே தத்தம் ஏரியை விட்டு வெளியே போகாதவரை மேதைகளாக இருக்க முடிகிறது.

பிடிபடாத மீன்: எப்போதும் மற்றவர் சொன்ன ஆழத்தில் இருப்பது.

3. முன்னோர் ஆய்வுகள்

பாஸ் இலக்கியத்தின் மூத்த நூல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் 1881-இல் வெளியிட்ட ‘பிளாக் பாஸ் நூல்’. மீனின் உடற்கூற்றிலிருந்து தூண்டில் கழி வரை விரிவாகப் பேசும் நூல். அவர் காலத்தில் ஆழத்தை அறிய ஈயக்குண்டு கட்டிய கயிறு போதுமானதாக இருந்ததால் அபிப்பிராய பேதம் கயிற்றின் நீளத்தைத் தாண்டவில்லை.

மடுவாதத்தின் ஆசான் என்று வட கரோலினாவின் பக் பெர்ரியைச் சொல்ல வேண்டும். இயற்பியல் கற்பித்தவர். 1940-களில் ‘ஸ்பூன்பிளக்’ என்ற உலோகப் பொய்யிரையைச் செய்து, படகில் இழுத்துக்கொண்டே வெவ்வேறு ஆழங்களை வரிசையாகத் துழாவும் முறையை வகுத்தார். மீனின் வீடு ஆழ்நீர், கரைக்கு அது வந்துபோகும் விருந்தாளி என்பது அவர் சித்தாந்தம். அதுவரை கரையோரப் புதர்களையே நம்பியிருந்த பலருக்கு இது மதமாற்றத்துக்கு நிகரான அதிர்ச்சி.

1967-இல் அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ரே ஸ்காட், ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு பாஸ் போட்டியை நடத்தினார். டேபிள் ராக்கைப் போலவே அதுவும் ஒயிட் ஆற்றின் அணை ஏரிதான். அன்றுமுதல் கரையா மடுவா என்ற பொழுதுபோக்கு விவாதத்துக்குள் பரிசுப்பணம் நுழைந்தது. பணம் நுழைந்த விவாதம் எதுவும் அதன்பின் சுருங்கியதில்லை.

4. தண்ணீரின் வாக்குமூலம்

இரு தரப்பும் ஓயாமல் பேசுகின்றன. வழக்கின் முதன்மைச் சாட்சியான தண்ணீரை யாரும் விசாரிக்கவில்லை.

தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் நீர் அதைவிட நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமாக எடை குறைந்திருக்கும். அதனால் கோடையில் வெதுவெதுப்பான மெல்நீர் மேலே மிதக்க, குளிர்ந்த கனநீர் கீழே கிடக்கும். இரண்டுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று சரியும் ஓர் அடுக்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பர்ஜ், மெண்டோட்டா ஏரியின் மிதவைச் சிற்றுயிர்கள் ஏன் ஓர் ஆழத்துக்குக் கீழே இறங்க மறுக்கின்றன என்று ஆராயப்போய், இந்த அடுக்கை விரிவாக அளந்தார். அதற்குக் கீழே மேல்காற்று எட்டாது. மக்குவன மக்கி ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிற்காலத்தில் பர்ஜ் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். மூச்சுமுட்டும் ஆழங்களை முன்கூட்டியே கண்டுகொள்ளும் பயிற்சி அந்தப் பதவியில் வீண்போயிருக்காது.

ஆகவே கோடையில் மடுவுக்கு ஒரு தரை உண்டு. அதற்குக் கீழே மீன் நீடித்து வாழாது. இலையுதிர்கால இரவுகளில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, அந்தத் தரையும் கொஞ்சங்கொஞ்சமாகத் தாழ்கிறது. ஒருநாள் மேலும் கீழும் ஒரே வெப்பமாகிவிடும். அப்போது பலத்த காற்று அடித்தால் போதும், ஏரி முழுதும் கலங்கிப் புரளும். அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே வந்து அழுகிய முட்டை நாற்றம் வீசும், மக்கிய இலைத்துணுக்குகள் மிதக்கும், மீன்கள் சிதறும். ‘ஏரி புரண்டுவிட்டது’ என்று சொல்லி வெறுங்கையோடு வீடு திரும்புவது அந்த வாரங்களில் கௌரவமான செயலாகக் கருதப்படுகிறது. சில நாளில் ஆக்சிஜன் அடிமட்டம் வரை பரவிவிடும். குளிர்ந்த நீர் ஆக்சிஜனைக் கூடுதலாகவும் தாங்கும்: 30 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் என்றால் 10 டிகிரியில் 11-க்கு மேல்.

இங்கே கிடைப்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. கரைக்கும் மடுவுக்கும் வெப்பத்தில் வேற்றுமை மறைந்து, எந்த ஆழத்திலும் மீன் மூச்சுவிடலாம் என்று ஏரி தாராளம் காட்டும் காலத்தில்தான், எந்த ஆழம் என்ற விவாதம் உச்சத்தை எட்டுகிறது. கேள்விக்கு இயற்பியல் ஆதாரம் இருந்தபோது கேட்டவர் குறைவு.

5. கரைவாதமும் மடுவாதமும்

கரைவாதியின் தரப்பு வலுவற்றதன்று. இலையுதிர்காலத்தில் ஷேட் என்னும் சிறுமீன் கூட்டங்கள் ஏரியின் கிளைகளுக்குள் நுழைகின்றன. டேபிள் ராக்கில் ஜேம்ஸ் ஆறு, கிங்ஸ் ஆறு, லாங் கிரீக் என்று அப்படிப்பட்ட கிளைகள் உண்டு. பாஸ் பின்தொடர்கிறது. கிளைகளின் உள்ளோரம் ஆழம் குறைவானதால் அங்கே கோடையிலும் நீர் அடுக்கடுக்காகப் பிரிந்திருப்பதில்லை. எனவே புரளவும் ஒன்றுமில்லை. பிற்பகல் வெயிலில் பாறைக்கரை ஓரிரு டிகிரி சூடாகும். குளிர் இரத்தப் பிராணிக்கு அதுவே பெரிய சலுகை. கரைவாதி நிற்கமாட்டார். காலால் மின்மோட்டாரை மிதித்துக்கொண்டே வீசுவார், இழுப்பார், நகர்வார். அடுத்த மரக்கட்டையருகே மீன் இருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கு ஏரிக்கரை தீரும்வரை தீராது.

மடுவாதி நகரமாட்டார். ஆழ்நீரின் வெப்பம் மெதுவாகவே மாறும், வாடைக்காற்று வந்தாலும் அங்கே மீன் தடுமாறாது என்பது அவர் வாதம். ஷேட்களில் திரெட்ஃபின் என்ற வகை குளிர் தாங்காதது. நீர் 7 டிகிரியை நெருங்கும்போது சோர்ந்து, மேலும் குளிர்ந்தால் மடிந்து கீழிறங்கும். அதற்குக் கீழே வாய்திறந்து காத்திருப்பதைவிடச் சிக்கனமான வாழ்க்கை பாஸுக்கு வேறென்ன? அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் அடியில் நிற்க, அவற்றின் உச்சிக்கு மேலே பாஸ் அந்தரத்தில் தங்குவதும் உண்மை. மடுவாதி உலோகக் கரண்டி இரையை அங்கே இறக்கிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் திரையைப் பார்த்திருப்பார்.

தோல்வியை விளக்கும் முறையில் இரு தரப்புக்கும் வேறுபாடு உண்டு. கரைவாதி மீன் கிடைக்காவிட்டால் இரையின் நிறத்தை மாற்றுகிறார். மடுவாதி பேட்டரியைச் சந்தேகிக்கிறார். ஆழத்தை மாற்ற இருவரும் முன்வருவதில்லை. கருதுகோளுக்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

6. கருவிகள்

1950-களின் பிற்பகுதியில் கார்ல் லோரன்ஸ், எதிரொலியால் ஆழம் அறியும் சோனார் நுட்பத்தைச் சிறு பெட்டிக்குள் அடக்கினார்; அவருடைய ‘சின்னப் பச்சைப் பெட்டி’ படகுக்குப் படகு பரவியது. 1980-களில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த லோரன் ஹில் என்ற அறிஞர், எந்த ஆழத்தில் எந்த நிற இரை எடுபடும் என்று சொல்லும் கருவியையே வடிவமைத்துத் தந்தார். 2018-இல் கார்மின் நிறுவனத்தின் ‘லைவ்ஸ்கோப்’ வந்தது. மீன் நீந்துவதையும் இரை அதை நெருங்குவதையும் நேரலையாகக் காட்டுகிறது. போட்டிகளில் இதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்ற சர்ச்சை எழுந்து, சில அமைப்புகள் விதிகளும் வகுத்தன.

இக்கருவிகள் வழக்கைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வருந்திய மனிதர், இருக்கிற மீன் தம்மை மதிக்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டு வருந்தும் நிலைக்கு உயர்ந்தார்.

உலக சாதனையும் ஆராயப்பட்டது. ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மாண்ட்கோமரி ஏரியில் பிடித்த பெருவாய் பாஸின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா 2009 ஜூலை 2 அன்று பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல்; முந்தைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் தேவை என்பதால் இருவரும் சமம். முன்னது ஓர் ஆற்றின் பழைய வளைவில் தேங்கிய நீர். பின்னது நூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள தொன்மையான ஏரி. இரண்டு மீன்களும் கோடையில் சிக்கியவை என்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கின்றன. எந்தத் தரப்புக்கும் உதவாது என்ற நடுநிலை கருதியே இத்தகவல் சேர்க்கப்பட்டது.

7. கண்டறிந்தவை

முதலாவது, பாஸுக்குக் கொள்கை இல்லை. நீர் குளிரக் குளிர அதன் செரிமானம் மந்தமாகிறது. 10 டிகிரிக்குக் கீழே அதற்குத் தேவைப்படும் தீனி மிகக் குறைவு. கொஞ்ச தீனிக்காக நெடுந்தூரம் அலைய அது தயாரில்லை. அது பார்ப்பது ஆழத்தை அல்ல, அலைச்சலை.

இரண்டாவது, அலைச்சல் இல்லாமல் ஆழம் மாற்ற வழியுள்ள இடங்களிலேயே பின்பருவப் பாஸ் கூடுகிறது: செங்குத்தாக இறங்கும் பாறைக்கரை, பழைய ஆற்றுத்தடம் கரையை உரசித் திரும்பும் வளைவு. குளிர்காலத்துப் பாஸுக்கு வேண்டியது ஊர்விட்டு ஊர் போகும் பயணமன்று, மாடிப்படி. வெயில் ஏறினால் ஐந்தடிக்கு ஏறும்; வாடை அடித்தால் முப்பதடிக்கு இறங்கும்; பக்கவாட்டில் நகர்வது சில அடிதான்.

மூன்றாவது, அத்தகைய கரையருகே படகை நிறுத்தினால் கரைவாதி பாறையைப் பார்த்து வீசலாம், மடுவாதி பாறையடியில் இறக்கலாம். மீன் யார் முள்ளில் சிக்கினாலும் அவர் தம் கட்சி வென்றதாக அறிவிப்பார். கருதுகோள் இங்கேயும் மெய்யாகிறது.

8. தீர்ப்பும் பரிந்துரையும்

தண்ணீர் குளிரத் தொடங்கும் முதல் வாரங்களில் கிளைகளின் உள்ளோரத்துக்கு, ஷேட் கூட்டத்தின் பின்னே செல்க. ஏரி புரளும்போது புரளாத ஆழமற்ற கிளைகளிலேயே தங்குக. அதன்பின் செங்குத்துக் கரைக்கு வருக. கரையும் மடுவும் ஒரே வீச்சுக்குள் அடங்கும் இடத்தில் வழக்கு தள்ளுபடியாகிறது. செலவுத்தொகையை இரு தரப்பும் பெட்ரோலைப் போலவே பிரித்துக்கொள்ளலாம்.

ஆழம் உண்மையாகவே முக்கியமாவது மீன் பிடிபட்ட பிறகு. பாஸின் காற்றுப்பைக்குக் குடலோடு இணைப்பு இல்லை. உள்ளிருக்கும் வாயுவை அதனால் சட்டென்று வெளியேற்ற முடியாது. ஏறத்தாழ 33 அடி ஆழத்திலிருந்து மேலே வரும்போது அழுத்தம் பாதியாகக் குறைய, அந்த வாயு இரு மடங்காக விரியப் பார்க்கும். அப்படி உப்பிய மீன் கீழே இறங்க வழியின்றி மேற்பரப்பில் மல்லாந்து கிடக்கும். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தை 1972 முதல் தம் போட்டிகளில் பரப்பியவர் அதே ரே ஸ்காட்தான். அந்த வழக்கம் கரைமீனுக்குப் பொருந்தும் அளவு மடுமீனுக்குத் தானாகப் பொருந்தாது.

எனவே மடுவாதிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முப்பதடிக்குக் கீழிருந்து எடுத்த மீனைப் படம் பிடிக்கவும் பெருமை பேசவும் வைத்திருக்காமல் அப்போதே விட்டுவிடுங்கள், விட மனமில்லையென்றால் உரிமவிதி அனுமதிக்கும் எண்ணிக்கையோடு நிறுத்தி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துவிடுங்கள்.