யாருக்குக் காய்ச்சல்?

எங்கள் வீட்டில் பிரெட் பலசரக்குப் பட்டியலில் வராது, மருந்துச் சீட்டில்தான் வரும். எனக்குச் சின்ன வயதில் உடம்பு கொதித்தால் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளைக்கு ரொட்டி, கஞ்சி" என்பார். அப்பா சைக்கிளில் போய் மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி வாங்கி வருவார். அம்மா அதைப் பாலில் ஊறப்போட்டு ஊட்டுவாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் ஹார்லிக்ஸ். அந்த வாசனை வந்தாலே இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கும்.

அப்படிப்பட்ட நான் ஐம்பத்தாறாவது வயதில் பிரெட் மெஷின் வாங்கக் காரணம், போனில் பார்த்த ஒரு வீடியோ. அதில் ஒருவர் மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டி, மூடி, பொத்தானை அழுத்திவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். மூன்றரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் பொன்னிறத்தில் பிரெட். எல்லோரும் அந்த பிரெட்டைப் பார்த்திருப்பார்கள். நான் அந்த சாய்வு நாற்காலியைப் பார்த்தேன்.

ஆனால் நாற்காலிக்காக என்று வீட்டில் சொல்ல முடியுமா? கணக்குப் போட்டுக் காட்டினேன். கடையில் 400 கிராம் பாக்கெட் 45 ரூபாய். வீட்டில் செய்தால் மைதா, ஈஸ்ட், எண்ணெய், அரை யூனிட் கரண்ட் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். ஒரு பிரெட்டுக்கு 15 ரூபாய் லாபம். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "மெஷின் பன்னிரண்டாயிரம். போட்ட காசு திரும்ப 800 பிரெட் சுடணும். வாரம் ரெண்டுன்னு வச்சாலும் ஏழரை வருஷத்துக்கு மேல ஆகும்" என்றாள். 'ஏழரை' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். வாரன்ட்டி ஒரு வருஷம்தான் என்பதை நான் சொல்லவில்லை.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய ஆறு வாரம் பிடித்தது. என் கல்யாணமே இரண்டு வாரத்தில் முடிவானது. சில மெஷினில் பாத்திரம் கிணறு போல நின்றிருக்கும், அடியில் ஒரு துடுப்பு. சிலவற்றில் தொட்டி போலப் படுத்திருக்கும், இரண்டு துடுப்பு. அளவெல்லாம் பவுண்டில்: ஒன்று, ஒன்றரை, இரண்டு. தாத்தா காலத்து ராத்தல்தான் பவுண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'ஒரு இறாத்தல் பாண்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பாண் என்பது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். அதே போர்த்துக்கீசியர் ஜப்பானுக்கும் போனதால் அங்கேயும் பிரெட்டுக்குப் 'பான்' என்றே பெயர். மொழிபெயர்ப்பில்லாமல் யாழ்ப்பாணத்துக்காரர் ஜப்பானில் கடைக்குப் போய்விட்டு வரலாம், குறைந்தபட்சம் காலைச் சாப்பாட்டுக்கு.

நான் பத்தொன்பது புரோகிராம் உள்ளதை வாங்கினேன். ஜாம் கிண்டும், தயிர் தோய்க்கும், கேக் சுடும். தயிர் எங்கள் வீட்டில் ஐம்பது வருஷமாக ஒரு எவர்சில்வர் தூக்கில், கரண்ட் இல்லாமல், யாரும் பொத்தானை அழுத்தாமல் தோய்ந்துகொண்டிருக்கிறது. இருந்தாலும் பன்னிரண்டு புரோகிராம் மெஷினை எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்?

இந்த மெஷினின் பூர்வீகம் படித்தபோது எனக்கு மரியாதை வந்தது. ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி 1980களில் இதைச் செய்ய முயன்றபோது, பிரெட் வெளியே கருகியது, உள்ளே மாவாகவே இருந்தது. எஞ்சினியர்கள் மாவை எக்ஸ்ரே கூட எடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. இக்குக்கோ தனாகா என்ற மென்பொருள்காரப் பெண்மணி, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார். ரொட்டிக்காரர் மாவை இழுப்பதோடு நிற்காமல் ஒரு முறுக்கு முறுக்குகிறார் என்று தனாகா கண்டுபிடித்தார். அந்த முறுக்குக்காகப் பாத்திரத்தின் உள்சுவரில் விலா எலும்பு போல வரப்புகள் வைத்தார்கள். மெஷின் 1987இல் கடைக்கு வந்தது. ஒரு கைமுறுக்கைப் பிடிக்க அத்தனை பேர் பட்ட பாட்டை நினைத்து, என் மெஷினின் உள்ளே கைவிட்டு அந்த வரப்பைத் தடவிப் பார்த்தேன். அப்போதே துடுப்பையும் மாட்டியிருக்கலாம்.

மாட்டவில்லை. பிசைகிற துடுப்பு தனியாக ஒரு சின்னக் கவரில் இருந்தது. கவர் பெட்டியிலேயே இருந்தது. புத்தகத்தில் உள்ளபடி அடியில் தண்ணீர், மேலே மாவு, மாவின் நடுவில் குழி தோண்டி ஈஸ்ட், ஈஸ்ட்டோடு சேராமல் ஓரத்தில் உப்பு. பொத்தானை அழுத்திவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் சுகமாகக் கேட்டது. மூன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால், அடியில் வெந்த பசை, நடுவில் வறுத்த மாவு, உச்சியில் நான் தோண்டிய குழி, குழிக்குள் ஈஸ்ட் வைத்தது வைத்தபடி. மோட்டாரின் தண்டு மட்டும் மூன்றரை மணி நேரம் சும்மா சுற்றியிருக்கிறது. பசையை மனைவி வீணாக்கவில்லை, அந்த வருஷத்துப் பரீட்சைப் பேப்பர் கட்டுகளுக்கெல்லாம் லேபிள் ஒட்டினாள்.

அடுத்தது அளவுத் தகராறு. புத்தகம் 'மூன்று கப் மாவு' என்றது. மெஷினோடு வந்த கப், வந்த மறுநாளே அரிசி அளக்கப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அளவுக்கா பஞ்சம்? அம்மாவிடம் ஆழாக்கு இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. காபி டம்ளர் வேறு. நான் மாவை ஆழாக்கிலும் தண்ணீரை டம்ளரிலும் அளந்தேன். துடுப்பு பஜ்ஜி மாவு கலக்குவதுபோல் களக் களக் என்று அடித்தது. அதற்கப்புறம் டிஜிட்டல் தராசு வாங்கினேன், 600 ரூபாய். திரும்ப வரவேண்டிய பிரெட் கணக்கில் மேலும் நாற்பது சேர்ந்தது.

மூன்றாவது முறை உடம்புக்கு நல்லது என்று முழுக் கோதுமை மாவு. சக்கியில் அரைத்த மாவில் தவிடு இருக்கிறது. மாவு பிசையும்போது உருவாகிற பசைவலையை அது பிளேடு போல் அறுத்துவிடும், தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. மைதாவுக்குச் சொன்ன தண்ணீரையே ஊற்றினேன். வந்ததை வெட்ட அரிவாள்மணை எடுக்க வேண்டியிருந்தது. அம்மா அதைத் துண்டு துண்டாக்கி மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, "ரஸ்க்னு சொல்லிக்கோ" என்றாள்.

சித்திரை வந்தது. எங்கள் திருச்சி வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? புத்தகமோ வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று என்கிறது. அதை எழுதியவர் கம்பளி போர்த்திக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். ஊற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் மாவு எழும்பி, மூடியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு பெருமூச்சு விட்டுக் குழியாக அமிழ்ந்தது. சூட்டில் ஈஸ்ட் வெறிபிடித்துக் காற்றைக் கக்க, வலை தாங்காமல் கிழிந்துவிட்டது. போதாததற்கு நம்மூர் மைதாவில் புரதமும் கொஞ்சம் கம்மி, 10 சதவீதம் போல. மேல்நாட்டில் பிரெட்டுக்கென்றே விற்கும் மாவில் 12, 13 வரை இருக்கும். நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா, "வெயில் காலத்துல கிரைண்டர்ல ஐஸ் தண்ணி விட்டுத்தானே அரைக்கிறோம், இதுக்கு மட்டும் எதுக்குடா வெந்நீர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஃபிரிட்ஜ் தண்ணீரும் பாதி ஈஸ்ட்டும் போட்டேன். பிரெட் நின்றது. புத்தகத்தின் ஓரத்தில் அதைப் பேனாவால் எழுதி வைத்தேன், என் கண்டுபிடிப்பாக.

அதற்கப்புறம் நான் சும்மா இருந்திருக்கலாம். மெஷினில் டைமர் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படுத்தால் காலை ஆறு மணிக்குச் சுடச்சுட பிரெட் என்றால், அது எத்தனை மணிக்குப் பிசைய ஆரம்பிக்கும்? கணக்கு டீச்சர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டரை மணிக்கு அம்மா என்னை உலுக்கினாள். "டேய், அடுப்படியில திருடன்டா." கேட்டேன். டக், டக், டர்ர்ர், டக். பீரோவை நெம்புகிற சத்தம்தான், சந்தேகமில்லை. கையில் டார்ச், இன்னொரு கையில் குடை. குடையை வைத்து என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை மனைவி கேட்கிறாள். உள்ளே போய் டார்ச் அடித்தால், மெஷின் கிரானைட் மேடையில் குலுங்கிக் குலுங்கி நடந்து, உப்பு ஜாடியைக் கீழே தள்ளிவிட்டு, மேடை விளிம்பில் ஒரு கால் தொங்கவிட்டு நின்றது. விடியும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாக வாரம் இரண்டு பிரெட் ஒழுங்காக வர ஆரம்பித்தது. கடை பிரெட்டில் விறைக்காமலிருக்க ஏதாவது சேர்க்கிறார்கள், நம்முடையதில் ஒன்றும் இல்லையாதலால் மறுநாளே விறைத்துவிடும். சூட்டோடு தீர்க்க வேண்டும். அம்மா தொடமாட்டாள், அவளுக்குக் காய்ச்சல் இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்ட ஒவ்வொருவரும் முகத்தைத் தொங்கப்போட்டு, "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார்கள். மாடி வீட்டு மாமா மறுநாள் ஹார்லிக்ஸோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

மெஷின் பிரெட்டுக்கு ஒரு அங்க அடையாளம் உண்டு. பாத்திரத்திலிருந்து கவிழ்க்கும்போது துடுப்பு பிரெட்டுக்குள் மாட்டிக்கொண்டு வரும். குத்தி எடுத்தால் அடியில் இரண்டு விரல் போகிற ஓட்டை. ஜாம் தடவினால் அதன் வழியே சட்டையில் ஒழுகும். ஆரம்பத்தில் அது எனக்கு அவமானமாக இருந்தது, பிறகு முத்திரையாகிவிட்டது. யாரிடம் கொடுத்தாலும் கவிழ்த்துக் காட்டி, "பார்த்தீங்களா, ஓட்டை இருந்தா வீட்டு பிரெட்" என்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குச் சகலையும் மச்சினியும் வருவதாகச் சொன்னார்கள். சகலை பெங்களூரில் இருப்பவர், பிரெட்டைக் காய்ச்சல் இல்லாமலே சாப்பிடுகிறவர். என் பிரெட்டைப் பற்றி நான் போனில் நிறையப் பேசியிருந்தேன். மனைவியும் அம்மாவும் காலையிலேயே சமயபுரம் கோயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். எட்டே முக்காலுக்கு மெஷினைப் போட்டேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மெஷினுக்குப் பத்து நிமிஷம்தான் ஞாபகம், அதற்கப்புறம் பிசைந்தோமா, பிசையவில்லையா என்பதெல்லாம் மறந்துவிடும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மாவு தன்பாட்டுக்குப் பொங்கி, அமிழ்ந்து, கள்ளுக்கடை வாசனை அடித்தது.

நான் செய்ததை நியாயப்படுத்தவில்லை. பேக்கரிக்குப் போய் வெட்டாத முழு பிரெட் கேட்டேன். கடைக்காரர் அனுதாபமாக, "காய்ச்சலா சார்?" என்றார். வீட்டுக்கு வந்து அதைப் பாதியாக வெட்டி நிறுத்தி, எங்கள் மெஷின் பிரெட்டின் உயரத்துக்குச் சீவி, துடுப்பை எடுத்து அடியில் குத்தி ஒரு திருகு திருகினேன். ஒசாகா முறுக்கு. ஓட்டை அச்சு அசலாக வந்தது. மெஷின் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது, இரண்டேகாலுக்கு மனைவியும் அம்மாவும் வந்தார்கள், மூன்று மணிக்குச் சகலையும் மச்சினியும்.

சகலை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, கடை பிரெட் தோத்துது போங்க" என்றார். மச்சினி ரெசிபி கேட்டாள். ஃபிரிட்ஜ் தண்ணீர், பாதி ஈஸ்ட் என்று ஆரம்பித்து இக்குக்கோ தனாகா வரை சொன்னேன். மனைவி பிரெட்டைத் தூக்கி, கவிழ்த்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஓட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னிக்கு நம்ம ஏரியாவுல ஒம்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் இருக்காதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, இது எதுல வெந்துச்சு?"

சாய்வு நாற்காலியில் அன்றைய பேப்பர் நான் தொடாமலே கிடந்தது.

அம்மா எழுந்து வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"சூடு ஒண்ணும் இல்லையேடா. அப்புறம் எதுக்குக் கடையில ரொட்டி வாங்கினே?"