அடுத்த வெர்ஷன் வரட்டும்

திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகிய மூன்றையும் ஒரே கணினியில் வடிவமைத்துத் தரும் சிறுநகர டி.டி.பி. மைய உரிமையாளர், புதிய மென்பொருள் வாங்குவது பற்றி ஆண்டு முழுவதும் ஆலோசிப்பவர். வாங்கினார் என்ற பெயரை மட்டும் இதுவரை எடுக்காதவர். அவருடைய தொழில் பேஜ்மேக்கர் 7.0 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளின் மீது நிற்கிறது. 2001இல் வந்த அந்தப் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு என்பதும், அடோபி நிறுவனம் 2004இல் அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்திவிட்டு இன்டிசைனை முன்னிறுத்தியது என்பதும் அவர் அறியாதவை அல்ல. அறிந்தும், இன்டிசைனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "அடுத்த வெர்ஷன் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார்.

இந்த வாக்கியத்தின் வலிமை, அதற்கு எக்காலத்திலும் மறுப்பு கிடையாது என்பதில் இருக்கிறது. புதிய பதிப்பு வந்தவுடன், "புதுசுல ஆயிரம் கோளாறு இருக்கும், நாலு பேர் போட்டுப் பார்க்கட்டும்" என்று அவர் ஒதுங்குகிறார், நாலு பேரும் போட்டுப் பார்த்து, கோளாறுகளும் திருத்தப்பட்டு, மென்பொருள் ஒரு நிலைக்கு வந்த பிறகு, "இன்னும் ரெண்டு மாசத்துல புதுசு வரப்போகுதாமே, இப்பப் போய்ப் பழசை வாங்குவானேன்?" என்று கேட்கிறார். புதியதாக இருப்பதும் பழையதாக ஆவதும் சம அளவில் குற்றமாகிவிடுவதால், குற்றமற்ற மென்பொருளாக பேஜ்மேக்கர் ஒன்றே எஞ்சுகிறது.

பதிப்பில் குறை காண முடியாதபோது மாதத்தில் குறை காண்பது அவருடைய அடுத்த படி. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வருவதால் அழைப்பிதழ் வேலை தலைக்கு மேல் இருக்கும். வேலை நேரத்தில் புதியதில் கைவைத்தால் பிழைப்பு கெட்டுவிடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கை ஓய்ந்திருக்கும். ஆனால் அப்போது பணமும் ஓய்ந்திருக்கும் என்பதோடு, அந்த மாதங்களில் புதிதாக எதையும் தொடங்குவதும் வழக்கமில்லை.

இடையில் எஞ்சும் புரட்டாசியை ஆடிட்டர் எடுத்துக்கொள்கிறார். வருமான வரிக் கணக்கில் கணினி மென்பொருளுக்கு 40 விழுக்காடு தேய்மானம், அதாவது பயன்பாட்டால் மதிப்புக் குறைவதற்கான கழிவு, உண்டு. ஆனால் வாங்கிய நிதியாண்டில் அது 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதிதான் கிடைக்கும். ஆகவே அக்டோபர் தொடக்கத்துக்குள் வாங்கிவிடுமாறு ஆடிட்டர் சொல்ல, உரிமையாளர் அதை மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அக்டோபர் நடுவில், "இனிமே வாங்கினா பாதிதானே, ஏப்ரல்ல முழுசா வாங்கிக்கலாம்" என்று முடிவெடுக்கிறார். ஏப்ரலில் சித்திரை முகூர்த்தம் வந்துவிடுகிறது.

அவருடைய அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. 2013இல் அடோபி, ஒருமுறை விலை கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டுப் புதிய பதிப்புகளுக்குச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். "மாசாமாசம் கட்டுனா அது எப்படிச் சொந்தமாகும், தம்பி?" என்று விற்பனைப் பிரதிநிதியை அவர் மடக்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொந்தத்தைப் பற்றி இவ்வளவு கண்டிப்போடு பேசுபவரின் பேஜ்மேக்கர், மார்க்கர் பேனாவால் பெயர் எழுதப்பட்ட ஒரு சிடியாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்கு பில் எதுவும் இல்லை. இலவசமாகவே கிடைக்கும் ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளைப் பரிந்துரைத்தால், "சும்மா குடுக்குறான்னா உள்ளே ஏதோ இருக்கு" என்று அதையும் மறுத்துவிடுகிறார்.

அவரிடம் மெச்சத்தக்கது ஒன்று உண்டு. 2004இல் தம் திருமண அழைப்பிதழை அங்கே அடித்தவர், இன்று மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு அதே பிள்ளையார் படத்தையும் அதே ஓர வளைவையும் கேட்டு வந்தால், பழைய கோப்பைத் தேடித் திறந்து காட்டுவார்; தேடியதற்குக் காசும் கேட்கமாட்டார். எனினும் அந்தக் கோப்புகளுக்கும் காலக்கெடு கடந்துவிட்டது. பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறந்து மாற்றும் வசதி 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரையில்தான் இருந்தது. அவர் காத்திருந்த 'அடுத்த வெர்ஷன்' அந்த வசதியை நீக்கிக்கொண்டு வந்தது.

இத்தனை பொறுமைக்கும் விலை கொடுப்பவர் உரிமையாளர் அல்லர், தட்டச்சு செய்யும் பெண். வாடிக்கையாளர்கள் இன்று விவரங்களை வாட்ஸப்பில் யூனிகோடில், அதாவது உலக மொழிகளுக்குப் பொதுவான குறியேற்றத்தில், அனுப்புகிறார்கள். தமிழ்நாடு அரசும் 2010இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, 'க', கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாகப் பதிவாகும். யூனிகோடிலோ முதலில் 'க', பிறகே உயிர்க்குறி. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது கொம்பு இடம் மாறினால் மணமகனின் பெயரே மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு வரியையும் அவர் எழுத்துக்கூட்டிச் சரிபார்க்க வேண்டும். தவறிவிட்டால் பேஜ்மேக்கரில் கடைசியாகச் செய்த ஒன்றை மட்டுமே திரும்பப் பெறலாம், அதற்கு முந்தையதைப் பெற முடியாது. "இந்த சிஸ்டம் மாத்துங்க சார்" என்று அவர் கேட்டால், "ஓடிக்கிட்டுதானேம்மா இருக்கு?" என்பதே பதில். ஓடுவது கணினி அல்ல, அவர்தான். அதற்குக் கூடுதல் சம்பளமும் இல்லை.

தொழில் மென்பொருள் வாங்கும் நாளைப் பஞ்சாங்கமோ ஆடிட்டரோ குறித்துத் தர இயலாது. பழையதைச் சமாளிக்க மாதந்தோறும் வீணாகும் நேரத்துக்கான கூலி, புதியதன் சந்தாவைத் தாண்டும் மாதமே அதை வாங்க வேண்டிய மாதம். அந்த மாதம் வந்துவிட்டதா என்பதை உரிமையாளரிடம் கேட்கக் கூடாது, விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.