செயப்பாட்டு வினையில் ஒரு ஷிப்மென்ட்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர்கள் திருப்பூரை அடுத்த சாமளாபுரம் பக்கம் கடை விரித்தால் போணி ஆகாது. பாடம் இங்கே பனியன் கம்பெனிகளில் சம்பளத்தோடு நடக்கிறது. ‘பீஸ் ரேட்’ என்பது சனிக்கிழமை கவரைப் பிரித்ததும் புரிந்துவிடும். ‘ரிஜெக்‌ஷன்’ செக்கிங் டேபிளில் மனப்பாடமாகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை ஆற்றில் விட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்பதை நொய்யல் கரையே கற்றுக்கொண்டது. ஆற்றுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இலக்கணம், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பொறுப்பு. ஷிப்மென்ட் எப்போதும் எதிர்காலத்தில் இருக்கும். “ஏனுங்க, லோடு ஏறிருச்சுங்களா?” என்றால் “நாளைக்கு ஏறிருங்க.” வெளிநாட்டு பையருக்கு மெயில் போகும்போது மட்டும் செயப்பாட்டு வினை: ‘சரக்கு தாமதப்படுத்தப்பட்டுவிட்டது.’ யாரால் என்று கேட்கக் கூடாது. அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தானே அந்த வினை!

பையரும் லேசுப்பட்டவர் அல்ல. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை வாக்கியம் அனுப்புவார்: வெள்ளிக்கிழமைக்குள் கப்பல் ஏறாவிட்டால், விமானச் செலவு உங்களுடையது. அந்தச் செலவுக்கான டெபிட் நோட் வந்து சேரும் நாளில், அதுவரை ‘யெஸ் சார்’ தாண்டாத முதலாளிக்கும் ஆங்கிலம் கமா, புள்ளி உட்பட விளங்கிவிடும். அந்தப் பாடத்துக்கு மட்டும் ஃபீஸ் யூரோவில்.