தாம்பரம் போட்ட மார்க்

‘பதினாறு வயதினிலே’ படத்துக்கு 1977-இல் ஆனந்த விகடன் போட்ட மார்க் 62.5. மயிலும் சப்பாணியும் பரட்டையும் சேர்ந்து உழைத்தும் முதல் வகுப்பைத் தாண்டி இரண்டரை மார்க்தான் தேறியது. அந்தக் கஞ்சத்தனத்தை நீதி என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள். தங்கை மகன் தன் கம்ப்யூட்டரில் ‘எல்டன் ரிங்’ என்ற வீடியோ கேமைத் திறந்து, “மாமா, இதுக்கு மெட்டாக்ரிட்டிக்ல 96” என்றபோது எனக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. உலகத்து விமர்சகர்கள் போட்ட மார்க்கையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்துச் சொல்லும் இடமாம் அது. தொண்ணூற்றாறு! அத்தனை பேரில் “பின்பாதி இழுவை” என்று எழுத ஓர் ஆள் கிடைக்கவில்லையா? கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரிகளைத் தோலுரித்த ஊர் இது. சுப்புடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடையில் இருப்பவருக்குச் சுருதி விலகிய ஊர். இங்கே 96 எல்லாம் செல்லாது.

ஆகவே சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே மதிப்பீட்டுக் குழு ஒன்று அமைந்தது. தங்கை மகன் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறான். காலையில் கேம்ப் ரோடில் கம்பெனி பஸ் ஏறி, இரவு வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவான். அதற்குள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் ஓடும். ஆடி மாதத்து அம்மன் கோயில் சீரியல் செட்டைக் கழற்றி உள்ளே வைத்தாற்போல. எதற்கடா விளக்கு என்றால், “பெர்ஃபார்மன்ஸ் மாமா” என்பான். கரண்ட் பில்லின் பெர்ஃபார்மன்ஸ் நிச்சயமாகக் கூடியிருக்கிறது.

முதலில் எல்டன் ரிங். ஜப்பான் கம்பெனி, 2022-இல் வந்தது. பார்க்க அழகு, மறுக்க மாட்டேன். மரமே தங்கமாக ஜொலிக்கிறது. ஆனால் கோட்டை வாசலில் மார்கிட் என்று ஒரு கிழவன் கோலோடு நிற்கிறான். மாப்பிள்ளை போவான், அவன் ஒன்று போடுவான், நீ செத்தாய் என்று சிவப்பு எழுத்து வரும். மறுபடி போவான். என் மனைவி சாம்பாருக்குப் புளி கரைக்கையில் ஆரம்பித்த சண்டை, அப்பளம் பொரிக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்து, “இன்னும் அதே ஆளா?” என்றாள். அவனுக்குச் சுருக்கென்றது. “கஷ்டம்தான் அத்தை இதோட அழகே.” “கஷ்டம்தான் அழகுன்னா, அந்தப் பாத்திரத்தை எல்லாம் வந்து கழுவு. எவ்வளவு அழகுன்னு தெரியும்.”

என் குறை வேறு. அவ்வளவு பெரிய தேசத்தில் வழி கேட்க ஒரு நல்ல மனிதர் கிடையாது. பேசுகிறவர்களும் புதிராகப் பேசிவிட்டுச் சிரிக்கிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் நின்று முடிச்சூருக்கு எப்படிப் போவது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் மூன்று வழி சொல்வார்கள், நாலாவது ஆள் கூடவே வந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுவார். மூன்றில் இரண்டு வழி தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம். நாகரிகம் என்று ஒன்று வேண்டாமா? 48 மார்க். பாஸ், அவ்வளவுதான்.

அடுத்த வகைக்கு ஓபன் வேர்ல்டு என்று பெயர். உலகமே திறந்து கிடக்கும், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பார்கள். போனால் ஆளாளுக்கு ஒரு வேலை ஏவுவார்கள். நான்காயிரம் ஐந்தாயிரம் கொடுத்து வாங்கி, முன்பின் தெரியாதவர்களுக்கு எடுபிடி வேலை செய்வது எந்த ஊர்ப் பொழுதுபோக்கு? அதை இலவசமாகச் செய்ய எங்கள் அடுக்ககச் சங்கம் இருக்கிறதே, நான் செயலாளராக இருக்கிறேனே! ஆனால் இந்த வகையில் ஒன்று என்னைக் கவிழ்த்துவிட்டது. ‘விட்சர் 3’, 2015-இல் வந்த பழைய சரக்கு. கதாநாயகன் பேய் பிசாசுகளை வெட்டிச் சாய்க்கிற வீரன், முதுகில் இரண்டு வாள். அவனிடம் ஒரு பாட்டி வருகிறாள். யாரோ அவளுடைய வாணலியை இரவல் வாங்கிப் போய்விட்டான், மீட்டுத் தா என்கிறாள். அவ்வளவுதான் வழக்கு. வீரனும் போய்த் தேடுகிறான். இரவல் போன பாத்திரத்தின் வலி தெரிந்த ஒருவர் அந்த போலந்துக் கம்பெனியில் சம்பளம் வாங்கியிருக்கிறார் என்று உடனே புரிந்துகொண்டேன். மனைவி எழுந்து வந்து நின்று பார்த்தாள். எங்கள் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டோம்.

இதே வகையில் ‘ஜி.டி.ஏ. 6’ வரப்போகிறது என்று மாப்பிள்ளை தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறான். முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். பிறகு அதே ஆண்டு நவம்பர் 19. ஐந்தாவது பாகம் வந்ததோ 2013-இல். அவன் புலம்பும்போதெல்லாம் நான் அமைதியாக ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் கையைக் காட்டுவேன். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ வரும் என்று கேட்டுக் கேட்டு நரைத்த தலைமுறை நாங்கள். தள்ளிப்போவதைப் பற்றி அமெரிக்காக்காரன் எங்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. மார்க், வந்த பிறகு.

சுடுகிற விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். மறு வருஷமே பெயரில் ‘இந்தியா’வைச் சேர்த்துக்கொண்டு பி.ஜி.எம்.ஐ. ஆக வந்தது. அதையும் 2022-இல் கடையிலிருந்து தூக்கினார்கள். 2023-இல் திரும்பி வந்தது. முகத்தை மாற்றிக்கொண்டு வரும் பழைய பட வில்லன் மாதிரி என்று மாப்பிள்ளைதான் சொன்னான். இந்தியப் பதிப்பில் ரத்தம் பச்சை நிறம், இது நிஜ உலகமல்ல என்று முன்னாடியே ஓர் அறிவிப்பு. மேல்வீட்டுப் பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு “பின்னாடி வர்றான், பின்னாடி வர்றான்” என்று அலறும்போது அந்த அறிவிப்பு அவன் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்று தெரியும். நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி போட்டிருக்கிறார்களே என்று என் மனைவி படியேறிப் போய்ச் சட்டம் பேசினாள். “ஆன்ட்டி, அது காசு வச்சு ஆடற ரம்மிக்கு” என்றானாம். வாஸ்தவம்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தக் காசு ஆட்டத்தை நாடு முழுக்க மொத்தமாகவே நிறுத்திவிட்டது. “பின்னாடி வர்றான்” மட்டும் நிற்கவில்லை.

இப்போது ‘வெண்பா’. இதற்காகத்தான் குழுவே கூடியது என்று சொல்லலாம்.

கனடாவில், டொரன்டோவில், விசை கேம்ஸ் என்ற சின்னக் கம்பெனி 2023 ஜூலை கடைசியில் வெளியிட்ட விளையாட்டு. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். துப்பாக்கி கிடையாது, ஓடுவது கிடையாது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. லண்டனில் பாஃப்டா விருது கொடுத்தார்கள், 2024-இல், அறிமுகப் படைப்புக்கு. அதே ஆண்டு சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரிய பரிசும் இதற்கே.

பாஃப்டாவைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை என் மனைவி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் மேல்தட்டு வரைக்கும் ஆவி ஏறும் என்பதுதான் புதிர். மாப்பிள்ளை, எஞ்சினியரிங் படித்தவன், மார்கிட்டையே கடைசியில் வீழ்த்தியவன், கன்னத்தில் கை வைத்து யோசித்தான். இவள் மௌஸைப் பிடுங்கி ஒரே திருப்பில் அடுக்கிவிட்டு, “இதுல புதிர் எங்க இருக்கு?” என்று கேட்டாள். ஆனால் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. இத்தனை வருஷமாகத் தான் தினம் காலையில் ஒரு புதிரை விடுவித்துக்கொண்டிருந்த சேதி அப்போதுதான் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு விமர்சனம் தொடங்கியது. மாவு எப்படித் தயாராக வந்தது? ஊறப்போட்டது யார், அரைத்தது யார்? அந்தக் குளிரில் மாவு எப்படிப் புளித்தது? “அதுதான்டா நிஜமான பிரச்சினை. என் அக்கா நியூஜெர்சியில அவனுக்குள்ள மாவை வச்சு விளக்கைப் போட்டுப் புளிக்க வைக்கிறா. அதை வச்சு ஒரு லெவல் பண்ணியிருக்கலாமே.” அவன் என்றது அடுப்புக்குக் கீழே இருக்கும் ஓவன், அக்காவின் கணவரை அல்ல. ரேடியோவில் வெவ்வேறு காலத்துத் தமிழ் சினிமாவின் வாசனையோடு பாட்டுப் போட்டிருந்தார்கள். அதற்கு மட்டும் தலையாட்டினாள். அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக மகன் கூச்சப்படுகிற இடம் வந்ததும் விமர்சனம் நின்றுபோயிற்று. அரைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். எங்கள் மகனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். குழு இதைப் பற்றி மேற்கொண்டு விவாதிக்கவில்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை எடுத்த மாதிரி இருக்கிறது என்பது என் கருத்து. அவள் 61 போட்டாள். “ஒன்றரை மார்க் கூடப் போட்டா ஸ்ரீதேவிக்குச் சமமாயிடும்” என்றாள்.

அந்த வாரம் எங்கள் கூடத்துக்குக் கூட்டம் கூடிவிட்டது. ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ என்றொரு விளையாட்டில் உலகத்தில் எந்த ஊர் மேலும் பறக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லிவைத்ததுதான் காரணம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே கட்டடங்களை எழுப்பிக்கொள்கிறதாம். 2020-இல் அது வந்த புதிதில் மெல்போர்னில் ஒரு சாதாரண வீடு 212 மாடியாக வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. வரைபடத்தில் யாரோ இரண்டு மாடி என்பதற்கு 212 என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து பில்டர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்கள். அனுமதி எவ்வளவு சுலபம்! மீனம்பாக்கத்தில் கிளம்பி, திரிசூலம் மலையை ஓரங்கட்டி, தாம்பரம் மேலே வந்தோம். பக்கத்து பிளாட்காரர் தன் மனை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தால் எங்கள் பகுதியில் எது ஏரி, எது நகர் என்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. தரையில் நின்றால் டிசம்பர் மாதம்தான் தெரியும். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-க்குத் தங்கையின் கணவர் தஞ்சாவூரிலிருந்தே வந்திறங்கினார். 1999-இல் வந்த விளையாட்டு. 2022-இல் அதில் திராவிடர்களைச் சேர்த்தார்கள், ராஜேந்திர சோழன் கதையும் உண்டு என்று மகன் சொன்னதுதான் தாமதம். திரிசடை என்று பெரிய போர்க்கப்பல் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். சுருள்வாள் வீரர்கள் வந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். குதிரைப்படையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். நோஞ்சான். “நம்மகிட்ட குதிரை இல்லையா?” என்று கத்தினார். அரபு தேசத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கி, வளர்க்கத் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதிவைத்ததை எடுத்துச் சொன்னேன். “அது மதுரைக்காரன்” என்று சொல்லிவிட்டார்.

ராஜேந்திரன் 1025 வாக்கில் கப்பலேறி ஸ்ரீவிஜயத்தை அடித்தான். ஆயிரம் வருஷம் கழித்து இப்போது நம் அரசு பஸ் ஜாவா தீவுக்கே போய்விட்டது. பொய்யில்லை. ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்று போனில் ஆடும் விளையாட்டு, 2017-இல் அந்த ஊர்க் கம்பெனி செய்தது. பஸ்ஸின் மேல்பூச்சை ஆடுகிறவரே வரைந்துகொள்ளலாம், வண்டியையே செய்து ஏற்றலாம் என்று விட்டுவைத்தார்கள். விட்டால் போதாதா? தமிழ்நாட்டுப் பையன்கள் விழுப்புரம் கோட்டம், எஸ்.இ.டி.சி., ஆம்னி பஸ் என்று ஒன்று விடாமல் வரைந்து இறக்கிவிட்டார்கள். அங்கேயும் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் டிரைவர் சீட்டுக்குக்கூடச் சிக்கலில்லை. ஹாரனும் அப்படியே. பஸ்ஸைக் கண்டால் ஹாரன் அடிக்கச் சொல்லி ரோட்டோரம் நின்று குதிக்கும் பிள்ளைகள் இந்தோனேசியாவிலும் உண்டு. 2016-இல் உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. கோடிக்கணக்கில் கொட்டி ஆகாயத்தையும் அலையையும் வரைகிறவர்கள், ஒரு பஸ்ஸின் பின்கண்ணாடியில் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்த பையனிடம் தோற்றுப்போகிற இடம் இதுதான்.

இதற்கு மார்க் போடத் தகுதியானவர் கீழ்வீட்டு அண்ணன். 21ஜி ஓட்டி ஓய்வு பெற்றவர். போனை இரண்டு கையாலும் ஸ்டீயரிங் போலப் பிடித்துக்கொண்டார். ஜகார்த்தா பஸ் நிலையம், விழுப்புரம் கோட்டத்துப் பஸ், ஆட்கள் ஏறிவிட்டார்கள், என்ஜின் ஓடுகிறது. அண்ணன் அசையவில்லை.

“ஆக்ஸிலரேட்டர் வலது பக்கம் தாத்தா” என்றான் மாப்பிள்ளை.

“தெரியும்ப்பா. கண்டக்டர் எங்க?”

“இதுல கண்டக்டர் கிடையாது.”

“அப்ப டிக்கெட்டு யாரு போடறது? படிக்கட்டுல தொங்கறவனை யாரு உள்ள தள்றது? ரெண்டு விசில் வராம வண்டிய எடுக்க மாட்டேன்ப்பா. பழக்கமில்ல.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள்தான் நாக்கை மடித்து இரண்டு விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்க வரும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத சங்கதி. பஸ் கிளம்பியது. ஒரு லாரியையும் உரசாமல், ஒரு ஸ்டாப்பையும் விடாமல், ஊர் போய்ச் சேர்ந்து நின்றது. கடைசியில் திரையில் வசூல் வந்தது, லட்சக்கணக்கில். அது இந்தோனேசிய ரூபாய், நம்ம காசுக்கு ரொம்பக் கம்மி என்று மாப்பிள்ளை விளக்குவதற்குள் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஒரு சிங்கிளுக்கு இவ்வளவு கலெக்‌ஷனா? மார்க்கு அப்புறம் போடறேன். பேட்டா எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு மொதல்ல.”