உள்ளே காலியா ஒரு கார்டு இருக்கா?

ஃபேன்சி ஸ்டோர் பையனுக்கு இவரைத் தூரத்தில் பார்த்தாலே விளங்கிவிடும். நெருங்கிய சிநேகிதர் யாருக்கோ பிறந்த நாளோ மணிவிழாவோ வருகிறது. இனி ஒரு மணி நேரத்துக்குக் கார்டு ஸ்டாண்டு இவர் வசம். ஒவ்வொன்றாக எடுத்துத் திறப்பார். உள்ளே அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் கவிதையைக் கடைசி வரி வரை படிப்பார். "ம்ஹும்" என்று திருப்பி வைப்பார், எடுத்த இடத்தில் அல்ல. நடுவில் பாட்டுப் பாடும் கார்டு ஒன்று கையில் சிக்கும். பதறிப்போய் அதைச் சரியாக மூடாமல் மற்ற கார்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு நகர்வார். அது அங்கிருந்தே பாடிக்கொண்டிருக்கும்.

"தம்பி, உள்ளே ஒண்ணும் அச்சடிக்காம, காலியா ஒரு கார்டு இருக்கா?"

"காலியா இருந்தா யாரு சார் வாங்குவா?"

"நான் வாங்குவேன்."

கிடைக்காது. அச்சடித்த கார்டையே வாங்கிப் போய், கவிதைமேல் அளவாக வெட்டிய வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். வாழ்த்து அட்டைக்காகக் காசு கொடுப்பவர்களில், அதில் உள்ள வாழ்த்து வேண்டாம் என்று கொடுப்பவர் இவர் ஒருவர்தான்.

ஹென்றி கோல் பற்றி இவரிடம் பேச்செடுக்காதீர்கள். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை 1843-இல் லண்டனில் அச்சடிக்க வைத்தவர் அவர். ஒரு பென்னி தபால் வந்த பிறகு கடிதங்கள் குவிந்தன. அத்தனை பேருக்கும் பதில் எழுத நேரமில்லாமல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, வாழ்த்தையும் சேர்த்து அச்சடித்து, பெயரை மட்டும் நிரப்பி அனுப்பினார். அந்தப் படத்தில் குழந்தைக்கும் ஒயின் கொடுக்கிறார்கள் என்று அப்போது சிலர் கொதித்தார்களாம். நம்மவர் கொதிப்பது அதற்கல்ல. "எழுதாம தப்பிக்கிறதுக்கு ஒருத்தன் கண்டுபிடிச்ச சாமான் சார் இது!" என்பார். அந்தப் பாவத்துக்கு இத்தனை ஆண்டுகளாக இவர் ஒருவரே பரிகாரம் செய்து வருகிறார்.

இந்த வியாதி பள்ளிக்கூடத்தில் தொற்றியது. அது பொங்கல் வாழ்த்துக் காலம். மார்கழி பிறந்ததும் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். சிவகாசி அச்சு. பொங்கல் பானை, கரும்பு, முருகன், கமல், ரஜினி. மற்ற பையன்கள் சண்டை போட்டது படத்துக்காக. யாருக்கு ரஜினி அனுப்புவது, யாருக்குப் பசுமாடு அனுப்புவது என்பதெல்லாம் அன்றைய ராஜதந்திரம். இவர் மட்டும் பின்பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று திருப்பிப் பார்த்து வாங்கினார். அங்கேதான் தபால் இலாகாவோடு முதல் மோதல். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி 'புக் போஸ்ட்' என்று போட்டால் அப்போது குறைந்த தபால்தலை போதும். ஆனால் உள்ளே கடிதம் எழுதக் கூடாது. ஊரே பெயரைக் கிறுக்கிவிட்டு மலிவாக அனுப்பியது. இவர் கார்டு கடிதமாகவே இருந்ததால் முழுக் கட்டணம். மனசைத் திறந்தால் உறையை மூட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டார்.

அப்பாவுக்கு இந்தக் கஷ்டமே இருந்ததில்லை. கல்யாணம் என்றால் தந்தி ஆபீசுக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார். வாழ்த்துத் தந்திக்கு எல்லா வாசகமும் எண் போட்டுத் தயாராக இருந்தது. மணமக்களுக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண். அதே எண்ணில் அதே வாசகத்தை நூறு பேருக்கு அனுப்பியும் யாரும் அவரை அன்பில்லாதவர் என்று சொன்னதில்லை. 2013-இல் தந்தியையே மூடிவிட்டார்கள். மகன் இன்னும் ரஃப் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

ரஃப் நோட்டு என்றது விளையாட்டுக்கல்ல. நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம். ஆபீசில் யாராவது மாற்றலாகிப் போனால் பெரிய கார்டு ஒன்று மேஜை மேஜையாகச் சுற்றும். 'ஆல் தி பெஸ்ட்' என்று நாலு பேர் எழுதியதும் ஐந்தாமவர் 'அதே' என்று கையெழுத்துப் போடுவார். இவரிடம் வந்தால் கார்டு அன்றைக்கு நகராது. "அண்ணே, எனக்கும் ரெண்டு வரி சொல்லுங்கண்ணே" என்று கேட்பவர்களுக்கு வடையும் காபியும் வாங்கிக் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற சூப்பிரண்டு ஒருவர் கார்டைப் பார்த்துவிட்டு, "ஆறு பேரும் ஒரே மாதிரி உருகியிருக்கீங்களே!" என்று ஆச்சரியப்பட்டார். வடை வாங்காதவரின் உருக்கத்தில் கொஞ்சம் உப்புக் குறைவாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

தெரிந்தவர்களுக்கு எழுதுவது சுலபம். உயிர்ச் சிநேகிதன்தான் கஷ்டம். முப்பது வருஷமாக "வாடா நாயே" என்று கூப்பிட்டுப் பழகியவனுக்கு "என் இதயத்தின் ஒரு பகுதியே" என்று எப்படி எழுதுவது? நம் ஊரில் ஓர் ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையை அச்சில் போற்ற இரண்டே இடம்தான் விட்டிருக்கிறோம். ஒன்று, கல்யாண மண்டப வாசல் ஃபிளக்ஸ். அதில் இருபது பேர் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பதால் வார்த்தைக்கு இடமில்லை. மற்றது, சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி. 'பண்பின் சிகரம்', 'நட்பின் இலக்கணம்', 'உன்னைப்போல் யாருண்டு' எல்லாம் அங்கே குடிபோய்விட்டன. ஆகவே நம்மவர் எவ்வளவு உண்மையாக எழுதினாலும் அதில் பசை வாடை அடிக்கும். கார்டைப் படித்த சிநேகிதர் ஒருவர் ராத்திரியே போன் போட்டார்: "டேய், நான் இன்னும் உயிரோடதான்டா இருக்கேன்!"

அதிலிருந்து பொதுவான புகழ்ச்சியை விட்டுவிட்டுச் சம்பவங்களை எழுதத் தொடங்கினார். இது இன்னும் ஆபத்து. 'அன்று செகண்ட் ஷோவுக்கு உன் சைக்கிளை அடகு வைத்தாயே, அந்த நட்பை மறப்பேனா' என்று உருகியிருந்தார். சைக்கிள் திருட்டுப் போனதாக அந்த வீட்டில் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கார்டில், கஷ்டகாலத்தில் நண்பர் கொடுத்த மூவாயிரம் ரூபாயை ஏழேழு பிறவிக்கும் மறக்க மாட்டேன் என்று எழுதினார். அதை முதலில் படித்தது நண்பரின் மனைவி. "மறக்காம இருந்தாப் போதுமா? திருப்பிக் குடுத்தாரா?" என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. கார்டு என்பது நண்பனுக்குப் போகிறது என்று நினைப்பதே இவருடைய அடிப்படைக் கோளாறு. அது குடும்பத்துக்குப் போகிறது. டீப்பாயில் கிடக்கும். மச்சான் படிப்பார், மாமியார் கண்ணாடி போட்டுப் படிப்பார்.

அடக்கமாக எழுதலாமே என்றால், அதுவும் வராது. நடுப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஆரம்பித்து, கீழே போகப்போக எழுத்து சிறுத்து, ஓரத்தில் செங்குத்தாக ஏறி, தலைகீழாக இறங்கி, அம்புக்குறி போட்டுப் பின்பக்கத்தில் விலைக்குப் பக்கத்தில் வந்து முடியும். முடிந்ததும் ஒரு பி.கு. படிக்கிறவர் கார்டை ஸ்டீரிங் மாதிரி சுற்ற வேண்டும்.

இந்தக் காலத்தில் காலை ஏழு மணிக்கு வாட்ஸாப்பில் ரோஜாப் பூவும் கேக்கும் வந்து குவிந்துவிடுகின்றன. சிநேகிதர்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பல் தேய்க்கப் போகிறார்கள். இவருடைய கார்டு நாலு நாள் கழித்து, பிறந்த நாளே மறந்துபோன பிறகு வந்து சேரும். வந்து சேர்வதற்குள் போன் வந்துவிடும். "கார்டு வந்துச்சாடா?" வந்தது என்றால், "படிச்சியா?" படித்தேன் என்றால், "அந்த மூணாவது பாரா?" கார்டில் ஏது பாரா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வருவதில்லை.

சென்ற மாதம் கும்பகோணத்துச் சிநேகிதருக்கு அறுபது. இவர் ரஃப் நோட்டில் பதினோரு பக்கம் அடித்துத் திருத்தி, இரண்டு கார்டை ஸ்டேப்ளர் போட்டு இணைத்து அனுப்பினார். பத்து நாளாகப் போனும் இல்லை, கட்டைவிரலும் இல்லை. சைக்கிள் விஷயத்தைத் தொடவில்லையே, பண விஷயமும் இல்லையே என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பதினோராம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. நல்ல குண்டு எழுத்து.

'டேய், உன் கார்டு வந்துச்சு. கையெழுத்து ஒரு எழவும் புரியல. டாக்டர்கிட்ட, மருந்துக் கடைக்காரன்கிட்ட எல்லாம் காட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து படிச்சுக் காட்டு. மட்டன் எடுத்து வைக்கிறேன்.'

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நம்மவருக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. மடியில் ரஃப் நோட்டு. பாபநாசம் தாண்டுவதற்குள் இன்னும் இரண்டு பாரா சேர்த்துவிட்டார்.