பட்டா யார் பேரில்?

குவிந்து கிடக்கும் மின்னஞ்சல்களை வாங்கி, யார் யாருக்குப் பதில் போட்டார் என்று கோத்து, இணையப் பக்கங்களாக அடுக்கித் தரும் மென்பொருள் ஹைப்பர்மெயில். டாம் க்ரூபர் லிஸ்ப் மொழியில் எழுதினார்; 1994இல் கெவின் ஹியூஸ் அதை சி மொழியில் திருப்பி எழுதினார். உரிமை மட்டும் சம்பளம் கொடுத்த கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு.

அந்த நிறுவனத்தை 1995இல் வெரிஃபோன் வாங்கியது. கடைகளில் கார்டு தேய்க்கும் கருவி செய்பவர்கள்! 1997இல் வெரிஃபோனையே ஹியூலெட் பேக்கர்ட் வாங்கியது. ஆக, கடிதம் அடுக்கும் நிரலின் பட்டா, கார்டுக்காரர் வழியாகப் பிரிண்டர்காரர் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்த நிரல்தான். அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டால் வக்கீலைத்தான் கூப்பிட வேண்டும்.

பிறகு ஹைப்பர்மெயில் ஜிஎன்யூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். மூலநிரலை மறைக்க மட்டும் கூடாது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே தன் மின்னஞ்சல் காப்பகத்தை ஹைப்பர்மெயிலைக் கொண்டுதான் அடுக்கியது.